நிற்பதும் நடப்பதும்

சொத்துப் பிரித்த வருஷம், மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், சின்னவள் கோழிகளை அடையக் கூப்பிட்டபோது கோழிகளோடு ஒரு கொய்யா மரமும் வந்து கொட்டகை வாசலில் நின்றது. காய்ப்புக்கு வந்து அதிக நாள் ஆகாத இளமரம். எல்லாக் கோழிகளுக்கும் பின்னால், நொண்டிச் சேவலுக்கும் பின்னால், அவசரமே இல்லாமல் வந்தது. வேரில் ஒட்டியிருந்த ஈரமண் வழியெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கோழிகளைத் தலை எண்ணி உள்ளே விடுவது சின்னவளின் வழக்கம். அன்று எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக வந்தது. கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று குறைவது பழகிப்போன விஷயம், கூடுவது பழக்கமில்லை. அதனால் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மரத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொட்டகைக் கதவு சின்னது, மரம் நுழையாது. அதை வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். இவ்வளவு தூரம் வந்ததைச் சும்மா நிறுத்தி வைக்க மனசு வராமல் ஒரு கை தவிட்டை அதன் அடியில் தூவிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

காலையில் கதவைத் திறந்ததும் கோழிகள் ஒரு பக்கம் போயின, மரம் ஒரு பக்கம் போனது. நடுவில் இருந்த கம்பி வேலியைக் கிளையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்து வேரை முதலில் தூக்கிப் போட்டு, அப்புறம் மறுபக்கத்து வேரை எடுத்து வைத்துத் தாண்டியது. தன் குழியில் இறங்கி, மண்ணைக் காலால் தள்ளி மூடிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

அந்த மரத்தைக் குறை சொல்ல முடியாது. எங்கேயோ பழம் கொத்திய கோழி ஒன்று எச்சமிட்டு, கொட்டகைக்குப் பின்புறம் தானாக முளைத்தது அது. அந்த வருஷம் பொரித்த குஞ்சுகளோடு ஒன்றாக வளர்ந்தது. தாய்க்கோழி இறக்கையை விரித்துக் குஞ்சுகளை அணைக்கும்போது முளையையும் சேர்த்துத்தான் அணைத்தது. சாயங்காலம் தவறாமல் சின்னவள் கூப்பிடுகிற “பா, பா, பா” அதன் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரம் வந்ததும் பெரியவள் அதை வேர் மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோய்த் தோட்டத்து வரிசையில் வைத்தாள். அப்போது குடும்பம் ஒன்றாக இருந்தது. கோழிகள் பகலெல்லாம் மரத்தடியிலேயே கிடந்தன. வேலி போடும்வரை மரத்துக்கு வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெரியவள் அண்ணன் பெண்டாட்டி, சின்னவள் தம்பி பெண்டாட்டி. பெரியவள் அந்த வீட்டுக்கு முதலில் வந்தவள். கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சப்போட்டா எல்லாம் அவள் கையால் வைத்தவை. மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள், ஒரு மரத்துக்குத் தண்ணீர் விட்டால் அது குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். சின்னவள் கூடைக்குள் நாலைந்து பெட்டைக் கோழிகளோடு வந்தவள். அவளுடைய தொண்டை ஊருக்கே தெரியும். தெருக்கோடியில் நிற்கிற புருஷனைச் சமையலறையில் இருந்துகொண்டே சாப்பிடக் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாமல் வளர்ந்தவளுக்கு, வந்த முதல் நாளே ‘அக்கா’ என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம், காரணமே இல்லாமல் ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒருத்தி உப்புப் போட்டால் இன்னொருத்தி ருசி பார்ப்பாள். ஒருத்தி தலைவலி என்று படுத்தால் இன்னொருத்தி ரெண்டு பேர் வேலையையும் பார்ப்பாள். மரத்தடியில் விழுகிற அழுகல் பழத்தையும் அதிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற புழுவையும் கோழிகள் தின்றன, கோழிகளின் எரு மரங்களுக்குப் போனது, வீட்டில் யாரும் இதைப் பெரிய ஏற்பாடாக நினைத்ததே இல்லை.

பிரிந்ததற்குக் காரணம் உப்புக்குப் பெறாத விஷயம். ஒரு கோடையில் பெரியவள் காலையெல்லாம் குனிந்து, சருகு பொறுக்கி, ஒவ்வொரு மாதுளைக்கும் அடியில் ஈரம் காயாதபடி வட்டமாக மூடாக்குப் போட்டாள். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கோழிகள் அத்தனையையும் கிளறித் தோட்டம் முழுக்க இறைத்துவிட்டன. பழ வியாபாரி அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தார். பெரியவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சின்னவள் வாயைக் கொடுத்தாள். “விடுங்கக்கா. கோழின்னா ஓடியாடித்தான் பொழைக்கணும். மரம் சும்மா நிக்கறதுதானே, அது எங்க ஓடிடப் போகுது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். வியாபாரியும் சிரித்தார். சின்னவள் மரத்தைத்தான் சொன்னாள். பெரியவள் அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கேயும் போகாமல், ஒரே இடத்தில் நின்று உழைத்து, கால் வீங்கிப்போனவள் அவள். வெளி ஆள் முன்னால் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள் என்பது மனசில் முள்ளாகத் தைத்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் சின்னவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சமைத்து வைத்துப் பார்த்தாள். பெரியவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் கோபப்படவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். பெண்டாட்டிகளுக்குள் பேச்சு நின்றதும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டார்கள். சின்ன வயசில் யார் சைக்கிளை யார் உடைத்தது என்பதிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் தாய்மாமனைக் கூப்பிட்டுப் பாகம் பிரிப்பது என்று முடிவானது.

மாமா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். நீட்டி முழக்கினால் சரக்கு வாடிவிடும் என்பது அவர் கட்சி. எதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். “நிக்கறதெல்லாம் பெரியவனுக்கு, நடக்கறதெல்லாம் சின்னவனுக்கு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று தொடையில் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். மூன்று தரம் சொன்னதை அவர் தொழிலில் மாற்றுவது கிடையாது. தீர்ப்பு கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடைமுறைக்கு வந்தபோது கொஞ்சம் இடித்தது. கிணறு நிற்பதால் அண்ணனுக்கு, அதிலிருந்து ஓடி வருகிற தண்ணீர் தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். கூடத்துச் சுவர்க் கடிகாரம் வெகுநாளாக நின்றுபோய்க் கிடந்ததால் அண்ணனுக்குப் போனது. அவர் அதைத் துடைத்துச் சாவி கொடுத்து ஓட வைத்ததும், இப்போது அது நடக்கிறதே என்று தம்பி வந்து நின்றார். அண்ணன் உடனே பெண்டுலத்தைப் பிடித்து மறுபடி நிறுத்திவிட்டார். சமையலறைக்குக் குறுக்கே பலகை வந்தது. தோட்டத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே ஆள் உயரத்துக்குக் கம்பி வலை வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பெரியவள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டாலே சின்னவள் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் பலகையோரம் போய் நிற்பாள். கோழி, நிலம், கடிகாரம், எது எங்கே போனாலும் அவளுக்குக் கவலையில்லை. அக்கா ஒரு வார்த்தை பேச வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் கொய்யா மரம் நடந்து வந்தது. மரங்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சில நாளில் இன்னொரு கொய்யா கூட வந்தது. அப்புறம் மாதுளைகள், முள்ளோடு முள் சிக்கிக்கொண்டு, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கும்பலாக வந்தன. எலுமிச்சைகள் ஒழுங்காக வரிசையில் வந்தன. சப்போட்டாக்கள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, எல்லோரும் அடங்கினபிறகு வந்து சேர்ந்தன. அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பழ வியாபாரி, காய் பறிக்கக் காலையில் வருவதா, சாயங்காலம் வருவதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்ததற்கு, நோய் ஒன்றும் இல்லை, வேர் பிடிமானம் குறைந்த மண், சாயங்காலத்தில் தண்ணீர் விடுவதைத் தவிர்க்கவும் என்றார்கள். இருட்டில் யாரும் குழிகளில் விழுந்துவிடக் கூடாதே என்று பெரியவள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

தம்பிக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லவும் தெரியாதவர். மாமாவின் தீர்ப்பை ரெண்டு நாள் மனசில் உருட்டிப் பார்த்துவிட்டு, “நடக்கறதெல்லாம் நமக்குத்தானே” என்று கூடையை எடுத்துக்கொண்டு போய், கொட்டகை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த மரங்களில் பழுத்ததையெல்லாம் பறித்து வந்தார். சின்னவளும் ஒன்று எடுத்துத் தின்றாள். நன்றாக இனித்தது. மறுநாள் காலையில் பாத்திரம் கழுவப் போனவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பெரியவள் தொரட்டியோடு மரம் மரமாகப் போய், இலைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவளுக்கு நேற்றுத் தின்றது நெஞ்சிலேயே நின்றுவிட்டது. மிச்சப் பழத்தையெல்லாம் கூடையில் அடுக்கி வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள். அது அங்கேயே இருந்து எறும்புக்குப் போனது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் போதும் என்று அவளுக்கு இருந்தது.

அண்ணன்காரர் சும்மா இருப்பாரா. முதலில் வந்த கொய்யாதான் மற்றதையெல்லாம் கெடுக்கிறது என்று அதைக் கிணற்றடிக் குழாயோடு கயிற்றால் கட்டிப்போட்டார். அன்று கூப்பிட்டபோது அது கயிறு இழுபடும் தூரம்வரை வந்து, சாய்ந்து நின்று, ராத்திரியெல்லாம் அப்படியே கிடந்தது. விடிந்ததும் பார்த்தால் இலையெல்லாம் துவண்டு தொங்கியது. பெரியவள் ஒன்றும் பேசாமல் போய்க் கயிற்றை அவிழ்த்து, தடிப்பு விழுந்திருந்த இடத்தில் ஈரமண் குழைத்துப் பூசினாள். அண்ணன்காரர் கயிற்றைச் சுருட்டி மாட்டிவிட்டார். மனைவியிடம் அவர் அதற்கு மேல் எதிர்த்துப் பேசுகிற வழக்கமில்லை.

சின்னவள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். முதலில் ஒரு தகரத் தட்டைத் தட்டிப் பார்த்தாள். கோழிகள் மூன்றே நாளில் தட்டுக்குப் பழகின, கோழிகளைப் பார்த்து மரங்களும் பழகின. அடுத்து, சத்தமே போடாமல் கதவை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தாள். கூப்பிட ஆள் இல்லாத கோழிகள், மரங்கள் அமுக்கி அமுக்கித் தாழ்ந்துபோயிருந்த வேலியைத் தாண்டிப் போய்க் கிளைகளில் ஏறி நின்று தூங்க ஆரம்பித்தன. அண்ணன்காரர் அண்ணாந்து பார்த்து, “நிக்கறதெல்லாம் யாருக்கு?” என்று இந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னார். தம்பி பல்லைக் கடித்தார். ஆனால் தோட்டத்தை ஒட்டியிருந்த புதர்க்காட்டில் ஒரு மரநாய் இருந்தது. மரமும் ஏறும், கோழியும் பிடிக்கும், பழமும் தின்னும். அந்தக் குடும்பத்தில் பாகப் பிரிவினையை ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் அதுதான். நன்றாக முட்டை போட்டுக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டையை அது தூக்கிக்கொண்டு போன மறுநாள், வேறு வழியில்லாமல் சின்னவள் மறுபடி கூப்பிட்டாள். கோழிகள் வந்தன. பின்னாலேயே மரங்களும் வந்தன. கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சின்னவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

மாமாவை மறுபடி கூப்பிட்டார்கள். சந்தை கலைந்தபிறகு வந்தார். எதையும் நம்பாத முகத்தோடு கிணற்றடியில் நின்று, மரங்கள் வேலி தாண்டுவதைப் பார்த்தார். மாதுளை ஒன்று அவரை உரசிக்கொண்டு போனபோது ஒதுங்கி வழிவிட்டார். நிற்கிறதா நடக்கிறதா என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டு நச்சரித்ததில், வழியில் போய்க்கொண்டிருக்கிற சரக்குக்கு ஏலம் கிடையாது என்று முதலில் நழுவப் பார்த்தார். அண்ணனும் தம்பியும் விடுவதாக இல்லை. வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசியே பழகிய மனிதர், கடைசியில் இப்படிச் சொன்னார். நாளை சாயங்காலம் ரெண்டு வீட்டாரும் வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்று கூப்பிடட்டும். எது யாரிடம் வருகிறதோ அது அவர்களுக்கு, மரமானாலும் கோழியானாலும். மூன்று தரம் சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் பெண்டாட்டியின் குரலுக்கு முன்னால் நிற்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை.

மறுநாள் பகலெல்லாம் சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வாயைத் திறந்தால் அத்தனை மரமும் அவளுடையது. அக்கா கையால் வைத்த கடைசிச் செடிவரைக்கும் அவளுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் குழிகளும் கவிழ்த்த கூடைகளும் மட்டும் இருக்கும், அதற்கு நடுவில் அக்கா நிற்பாள். அதற்கப்புறம் அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்று கனவிலும் நினைக்க முடியாது. புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். “நீ கூப்பிடு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் அவர். ஆண்கள் அப்புறம் பார்த்துக்கொள்கிறதை அவள் பார்த்திருக்கிறாள்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் கூடினார்கள். கோழிகளை அன்று வேலியோரம் ரெண்டு பக்கமும் பொதுவாக மேய விட்டிருந்தார்கள். மரங்கள் தத்தம் குழியில் மண்ணை இளக்கிக்கொண்டு, பாதி வேர் வெளியே தெரியத் தயாராக இருந்தன. மாமா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். முறைப்படி மூத்தவர்கள் முதலில் என்று அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். அண்ணன்காரர் குரல் அதட்டுவதற்கு மட்டுமே பழகியது. அவர் “பா” என்றதும் பக்கத்தில் நின்ற ரெண்டு பெட்டைகளும் தெறித்து ஓடின, ஒரு எலுமிச்சை வேரை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்துப் பெரியவள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, தன் மரங்களைப் பார்த்தபடி நின்றாள். மாமா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிச் சின்னவளுக்குச் சைகை காட்டினார்.

சின்னவள் மூச்சை இழுத்தாள். எல்லாக் கோழிகளும் தலையைத் தூக்கின. எல்லா மரங்களும் இந்தப் பக்கம் திரும்பின. பெரியவளும் திரும்பினாள், ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. எல்லாம் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு வழியனுப்ப நிற்கிறவளின் கண் அது. சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். தம்பி முழங்கையால் இடித்தார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு வேண்டாம், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அடைகிற நேரம் தாண்டிப்போவது கோழிகளுக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட ஆள் இல்லாமல் அவை வேலியோரத்தில் இங்கும் அங்கும் அலைந்தன. புதிதாகப் பொரித்திருந்த தாய்க்கோழி குஞ்சுகளோடு நடுவழியில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. பாதி வேரை வெளியே எடுத்து வைத்திருந்த மரங்கள் உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் ஆடின. புதர் அசைந்தது. மரநாயின் முகம் வெளியே தெரிந்தது. அதற்கு அவசரமே இல்லை. எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். சின்னவள் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பெரியவள், “பா” என்றாள். பாதியிலேயே உடைந்துபோன குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். அவள் ஜென்மத்தில் கோழியைக் கூப்பிட்டதில்லை. விளையாடப்போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கெஞ்சலும் அதட்டலுமாக, “பா, பா, பா… வாங்கடா, இருட்டிப்போச்சு” என்று கூப்பிட்டாள். கோழிகள் ஒரு கணம் யோசித்தன. தாய்க்கோழி முதலில் புறப்பட்டது, குஞ்சுகள் பின்னால் ஓடின, இந்தப் பக்கம் நின்றவை எல்லாம் தாழ்ந்த கம்பியைத் தாண்டிப் போயின. மரங்கள் மிச்ச வேரையும் உருவிக்கொண்டு நாலா பக்கமிருந்தும் அவளை நோக்கி நடந்தன. சருகும் இறகும் காற்றில் பறந்தன, மரநாய் தும்மிவிட்டுப் போனது. சின்னவளுக்குத் தான் நடப்பது தெரியவில்லை. முட்டிக்குக் கீழே எதுவோ இழுத்தது, அவ்வளவுதான். கம்பியைத் தாண்டிக் கோழிகளுக்கும் மாதுளைகளுக்கும் நடுவே வந்த பிறகுதான், கூப்பிட்ட குரலுக்குத் தானும் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. நிற்கவில்லை.

பெரியவள் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னவளிடம் வந்ததும் எண்ணிக்கை நின்றது.

“மாதுளையை ஒட்டி நடக்காதடி” என்றாள். “முள்ளு குத்தும். இந்தப் பக்கம் வா.”

சின்னவள் அந்தப் பக்கம் போனாள்.

“இவ்ளோ நேரம் கூப்பிடாம நிப்பாங்களா? குஞ்செல்லாம் பயந்துபோச்சு பாரு. அந்தத் தொண்டையை எங்க கொண்டு வச்ச?” என்று பெரியவள் திட்ட ஆரம்பித்தாள். வருஷம் பூராவும் சேர்த்து வைத்திருந்ததால் திட்டு நீளமாகவே இருந்தது. மூடாக்கைக் கிளறிய கோழிகளில் தொடங்கி, வியாபாரியின் சிரிப்பு, வேலியோரம் வைத்த பழக்கூடை என்று ஒன்று விடாமல் வந்தது. சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆமாக்கா, ஆமாக்கா” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். இவ்வளவு சுகமாக அவள் எதையும் கேட்டதில்லை. மாமா தொழில் பழக்கத்தில் ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார், மூன்றாவதற்கு வாயைத் திறந்தவர், யாருக்கென்று சொல்வது என்று தெரியாமல் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் கொட்டகை இல்லை என்பது அதற்குள் கோழிகளுக்கு உறைத்துவிட்டதால், ரெண்டு பெண்களும் முன்னால் நடக்க, அத்தனை கூட்டமும் திரும்ப வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. கதவுக்கு ஒருத்தி நின்றாள், எண்ணிவிட ஒருத்தி நின்றாள். மாமாவுக்கு டீ கொடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவரே உள்ளே போய்ப் போட்டுக் குடித்துவிட்டு, பலகைக்கு ரெண்டு பக்கமும் சர்க்கரை டப்பா தேட வேண்டியிருக்கிறதே என்று அந்தப் பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. கம்பி வலையை வெட்டிக் குஞ்சுகளுக்குக் கூண்டு செய்தார்கள். யாருடையது எது என்கிற பேச்சு கொஞ்ச நாள் வருவதும் போவதுமாக இருந்து, பிறகு அலுத்துப்போய் நின்றது. சாயங்காலம் ஒருத்திக்கு வேலையிருந்தால் இன்னொருத்தி கூப்பிடுவாள். பெரியவள் கூப்பிட்டால் மரங்கள் கொஞ்சம் வேகமாக வருவதாகவும், சின்னவள் கூப்பிட்டால் கோழிகள் வேகமாக வருவதாகவும் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெரியவளுக்கு அந்தக் கால் வீக்கம்கூடக் கொஞ்சம் குறைந்தது, சாயங்காலம் எல்லோரோடும் சேர்ந்து ஒரு நடை நடப்பதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். பழத்தில் புழு விழுவது நின்றது. மரங்கள் வெவ்வேறு இடத்தில் தூங்கி எழுவதால் ருசி கூடியிருக்கிறது என்று வியாபாரி சொல்லிக்கொண்டார், வியாபாரிகள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். நடந்து பழகிய மரங்களிலிருந்து பதியன் போட்டுக் கன்றுகளும் விற்றார்கள். முதலில் வந்த கொய்யாவின் கன்றுகளுக்குத்தான் கிராக்கி.

போன மாதம் புதிதாக வீடு கட்டிய ஒருவர் கன்று வாங்க வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், குழிகளைப் பார்த்தார், அவருக்கும் விஷயம் காதில் விழுந்திருக்கும்போல. ஒரு கன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, “இது எங்க வீட்ல நிக்குமாம்மா?” என்று சின்னவளிடம் கேட்டார். எப்போதும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற சின்னவள் அன்று பேசாமல் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் குனிந்து ஒரு மாதுளைக்கு மூடாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், ரெண்டு பெட்டைகள் அதைப் பின்னாலேயே கிளறிக்கொண்டு வந்தன.

“நிக்கறதெல்லாம் ஒண்ணும் பெரிசில்ல தம்பி” என்றாள் பெரியவள், நிமிராமல். “கூப்பிட வீட்ல ஆள் இருந்தா, எங்க போனாலும் வந்துடும்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு கன்றாகக் கொடுக்கச் சொன்னார். சின்னவள் வேர் மண் உதிராமல் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.